முன் சீற்றில் ஈரம்

குவைத்
11.09.2009

உதயரூபன் அத்தானுக்கு,

"அன்புள்ள" என்று எழுதத் தொடங்கிப் பேனையை நிறுத்திவிட்டேன். ஐந்து வருடமாகக் கதையாமல் இருப்பவள் அப்படி எழுதினால் அது பொய். போன் எடுக்கலாம்தான். ஆனால் உங்கட குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஏசத் தொடங்கிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. வழக்கம்போல உங்கட பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை மாமியின் போனுக்கு எடுத்துக் கம்சாயினியோடு கதைத்தேன். வாய் ஓயாது அவளுக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் உங்களோடு வானில்தான் திரிகிறாளாம். செங்கலடிக்குப் போனோம், புளியந்தீவுக்குப் போனோம் என்று அடுக்கினாள். "வான்ல எங்ககா இருந்து போற நீ?" என்று கேட்டேன்.

"முன்னுக்குத்தான் சின்னம்மா. அம்மாட சீற்றில. அது எப்பவும் ஈரமா இருக்கும். அம்மா இருந்துட்டுப் போற ஈரம். நான் துவாயப் போட்டுட்டு அதுக்கு மேல இருக்கன்."

ஏழு வயதுப் பிள்ளை, இடியப்பம் தின்றதைச் சொல்கிற மாதிரிச் சொல்கிறாள்.

அந்த வானா அத்தான்? சுனாமி அன்று கடல் அடித்துக்கொண்டு போய் ஆற்றங்கரைச் சதுப்பில் கண்ணாப் பற்றைக்குள் சொருகிய அதே வானா? மூன்றாம் நாள் என் மலர் அக்காவை இருந்த இருப்பில், பெல்ற் போட்டபடி எடுத்தார்களே, அந்த சீற்றா? எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டிருப்பீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

சவூதியில் ட்ரைவர் வேலை பார்த்துவிட்டு வந்த பவுசு உங்களுக்கு. "பெல்ற் போடாட்டி என்ர வண்டி அசையாது" என்று அக்காவைக் கட்டி வைத்தே கூட்டித் திரிந்தீர்கள். கடல் வந்தபோது பெல்ற் இறுகிவிட்டது, எவ்வளவு இழுத்தும் கழலவில்லை என்று செத்தவீட்டில் சனம் சொல்ல, எல்லோர் முன்னாலும் நீங்கள் ஓம் என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் உங்களோடு கதையை விட்டேன். இப்போது அவள் பெற்ற ஒரே பிள்ளையையும் அதே இடத்தில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

கம்சாவை அந்த சீற்றிலிருந்து எழுப்புங்கள். வேறொன்றும் உங்களிடம் கேட்கவில்லை.

பிரஷாந்தி


பெரியகல்லாறு
02.10.2009

பிரஷாந்திக்கு,

கடிதம் கிடைத்தது. ஏசமாட்டேன் என்று தொடங்கி இரண்டு பக்கம் ஏசியிருக்கிறாய். பரவாயில்லை, உன் எழுத்தைக் கண்டதே ஐந்து வருடத்துக்குப் பிறகு.

ஓம், அதே வான்தான். ட்ராக்டர் கட்டி இழுத்தெடுத்தோம். எஞ்சினைக் கழற்றிக் கழுவி, வயரெல்லாம் மாற்றி, ஒன்பது மாதத்தில் ஓட வைத்தேன். வீடு போய்விட்டது. மலர் போய்விட்டாள். கடல் எனக்குத் திருப்பித் தந்தது இரண்டே இரண்டு. ஒன்று கம்சா, மற்றது இந்த வான். இதை விற்றுவிட்டு நான் என்ன செய்வது?

பெல்ற் பற்றி நீ இனிக் கவலைப்படத் தேவையில்லை. எல்லாவற்றையும் அப்போதே வெட்டி எறிந்துவிட்டேன். நான் மட்டுமில்லை, கல்லாற்றில் வாடகைக்கு ஹயர் ஓடுகிற எந்த வானிலும் பெல்ற் கிடையாது. மலருக்கு நடந்ததைக் கேட்டு ஆளாளுக்குக் கத்தி எடுத்தார்கள். கடல் வந்தால் குதிக்க வேண்டும். செக்பொயின்றில் "இறங்கு" என்றால் அந்த நிமிடமே கையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கட்டுப்பட்டுக் கிடக்கிறவன்தான் முதலில் சாவான் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

முன் இடப்பக்கத்து பெல்ற்றை மட்டும் வெட்டவில்லை. கத்தியை வைத்தேன், கை வரவில்லை. அது தன்பாட்டில் தொங்குகிறது.

சீற் ஈரம் என்பது உண்மைதான். ஏழு தரம் கழுவி வெயிலில் போட்டேன். உப்பு உள்ளுக்குள் இறங்கிவிட்டது, போகுதில்லை. பிள்ளைக்கு ஒருவரும் பேய்க்கதை சொல்லிக் கொடுக்கவில்லை. மலரைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் ஓடி விளையாடுகிறாள். வானில் ஏறினால்தான் "அம்மா" என்கிறாள். அவளை அங்கிருந்து எழுப்பு என்று நீ குவைத்தில் இருந்துகொண்டு சுகமாக எழுதலாம்.

உதயரூபன்


குவைத்
24.10.2009

அத்தானுக்கு,

சுகமாக எழுதுகிறேனா? சரி, நான் எப்படி இருந்து எழுதுகிறேன் என்பதையும் கேளுங்கள்.

எனக்கு இங்கே வேலை மேடத்தின் இரண்டு பிள்ளைகளையும் பார்ப்பது. ஒவ்வொரு நாளும் காலையில் அவர்களைக் காரில் ஏற்றி பெல்ற் போட வேண்டும். முதல் மாதம் அந்தக் கொளுக்கி "கிளிக்" என்கிற சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்வேன். அக்காவின் முகம்தான் வரும். கார் புறப்பட்டதும் மேடத்துக்குத் தெரியாமல் கையை விட்டுக் கழற்றிவிடுவேன். பெல்ற்றை உங்களைவிட வெறுத்தவள் நான்.

போன வருடம் நோன்பு மாதத்தில் ஒரு நாள், சின்னவன் அழுகிறானே என்று அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முன் சீற்றில் இருந்தேன். என் பெல்ற்றையே இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டிருந்தேன், பெரிய கெட்டித்தனம் என்ற நினைப்பு. மேடம் பாதி வழியில் கண்டுவிட்டு, காரை ஓரங்கட்டி, வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினா. பிள்ளையைப் பறித்துப் பின்னுக்கு அவனுக்கென்று இருந்த சின்னக் கதிரையில் கட்டிவிட்டுத்தான் காரை எடுத்தா. பத்து நிமிடம் போயிராது, குறுக்கே ஒருத்தன் வந்து அடித்தான்.

படார் என்று ஒரு சத்தம். துவக்குச் சூடு என்று நினைத்துத் தலையைக் குனிந்துவிட்டேன், நாம் வளர்ந்த இடம் அப்படி. எனக்கு முன்னால் டாஷ்போட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பை வந்து முகத்தில் அறைந்தது. கையெல்லாம் தோல் உரிந்து எரிந்தது. காருக்குள் ஒரே வெள்ளைத் தூள். பை வற்றிக் கிடந்த இடத்தைப் பார்த்தேன் அத்தான். என் மடி. பத்து நிமிடத்துக்கு முன் சின்னவனின் தலை இருந்த இடம். எனக்கும் அந்தப் பைக்கும் நடுவில் அவன் நசுங்கியிருப்பான். பெரிய ஆட்களைக் காப்பாற்றுகிற பை சின்னதுகளைக் கொன்றுபோடும். அவனோ பின்னுக்கு பெல்ற்றோடு இருந்து, என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், முகமெல்லாம் மாவு என்று.

உங்கள் வானிலும் முன்னுக்கு அந்தப் பை இருக்கிறது. வாங்கிய புதிதில் நீங்கள்தான் அக்காவுக்குக் காட்டிப் பெருமை அடித்தீர்கள்.

இங்கே பக்கத்து வீட்டில் வேலை செய்கிற, சித்தி நபீஸா என்ற காத்தான்குடிப் பிள்ளை இந்த மாதம் ஊருக்கு வருகிறா. அவவிடம் ஒரு சாமான் கொடுத்துவிட்டிருக்கிறேன். மேடத்தின் மூத்தவன் பாவித்த இருக்கை. காரின் பின் சீற்றில் வைத்து அதற்கு மேல் பிள்ளையை இருத்த வேண்டும். அப்போதுதான் பெல்ற் உரிய இடத்தில் விழும். கீழ்ப்பட்டி வயிற்றில் கிடக்கக் கூடாது, இடுப்பெலும்பில் கிடக்க வேண்டும். மேல்பட்டி கழுத்தை அறுக்காமல் தோளில் போக வேண்டும். பின் சீற்றுக்கு பெல்ற் வாங்கிப் பூட்டுங்கள். இது அக்கா பிள்ளை மட்டுமில்லை, தாய்வழியில் எங்கட குடிப்பிள்ளை. எனக்கும் உரித்து இருக்கிறது.

பிரஷாந்தி


பெரியகல்லாறு
18.11.2009

பிரஷாந்திக்கு,

சித்தி நபீஸா வீட்டில் போய் நீ அனுப்பியதை எடுத்தேன். கம்சா அதை வீட்டில் வைத்து, அதில் ஏறி இருந்துதான் பாடம் எழுதுகிறாள். வானில் வைக்கவில்லை. அதைப்பற்றிப் பிறகு கதைப்போம்.

வல்லிபுரம் அண்ணன் செத்துவிட்டார். என்னோடு ஸ்டாண்டில் வான் போடுகிறவர், உனக்கும் தெரியும். சண்டை முடிந்து செக்பொயின்ற் எல்லாம் எடுபட்டுவிட்டது. ரோட்டுக்குப் புதிதாகத் தார் ஊற்றிக் கார்பெட் போடுகிறார்கள். எவனுக்கும் கால் பிரேக்கில் நிற்குதில்லை. ஆரையம்பதியில் மாடு குறுக்கே வர, மனுஷன் மதிலில் கொண்டுபோய் அடித்தார். பெரிய அடி இல்லை. வானுக்கு முன் கண்ணாடிதான் போனது. ஸ்டேரிங் நெஞ்சில் இடித்ததில் ஆள் அந்த இடத்திலேயே முடிந்தது. அவருடைய வானிலும் பெல்ற் இல்லை.

செத்தவீட்டுக்குப் போய் வந்த அன்றுதான் தொடங்கியது. வானை எடுத்தேன். டாஷ்போட்டில் ஒரு சின்னச் சிவப்பு லைட் பற்றியது. முன் இடப்பக்க சீற்றில் ஆள் இருந்து பெல்ற் போடாவிட்டால் பற்றுகிற லைட் அது. கடலுக்குப் பிறகு, கம்சா ஏறி இருக்கும்போதும், ஒரு நாளும் பற்றியதில்லை. டிங், டிங் என்று சத்தமும் வந்தது. கம்சா பள்ளிக்கூடத்தில். வானில் நான் மட்டும்தான்.

காத்தான்குடியில் றிஸானிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வானுக்கு வயரெல்லாம் மாற்றித் தந்த மெக்கானிக் அவன்தான். சிரித்தான். "சீற்றுக்குக் கீழ ஆள்ற பாரம் அறியிற தகடு ஒண்டு இரிக்கி மச்சான். உப்புப் புடிச்ச சாமான், மழைக்கு ஈரத்தக் குடிச்சிட்டு ஆள் இரிக்கிற எண்டு நினைக்கிது. பெல்ற்ற வெறும் சீற்றுக்குக் கொளுவி விடு, வாய மூடும்" என்றான். நீ எழுதிய பையைப் பற்றியும் கேட்டேன். "கடல் தண்ணி குடிச்ச பை. அது மௌத்தாப் போய், செத்து, அஞ்சி வருஷம். இனி விரியாது" என்றான்.

அவன் சொன்னபடி கொளுவினேன். சத்தம் நின்றது. வானைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வீட்டுக்குள் போனேன். காலையில் திறந்தால் பெல்ற் கழன்று தொங்குகிறது. சரி, துருப்பிடித்த கொளுக்கி என்று மறுபடியும் கொளுவினேன். அடுத்த நாளும் கழன்று கிடந்தது. நாலு நாள் இப்படி. கம்சாவிடம் "நீயா கழட்டின?" என்று கேட்டேன்.

"நான் இல்ல. அம்மாவுக்கு இறங்க வேணும்தானே அப்பா? பெல்ற்றக் கொளுவி வெச்சா எப்படி இறங்குவா?"

வேறு ஒருவருக்கும் இதைச் சொல்லவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

உதயரூபன்


குவைத்
06.12.2009

அத்தான்,

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். றிஸான் சொல்வது சரியாகவே இருக்கட்டும், உப்பு, தகடு, மழை எல்லாம் சரி. அக்கா செத்தபிறகும் அந்த சீற்றில் வந்து இருக்கிறாள் என்று நம்ப எனக்கு விருப்பமில்லை. எனக்கு விளங்காதது வேறு.

அன்றைக்கு என் அக்கா உயிருக்குப் போராடியபோது நீங்கள் இழுத்தும் கழலாத பெல்ற், இப்போது ஒருவரும் தொடாமலே கழன்று விழுகிறது என்கிறீர்கள். ஐந்து வருடம் உப்பில் கிடந்த கொளுக்கி கழலும், புதுக் கொளுக்கி கழலாதா?

அன்றைக்கு என்ன நடந்தது அத்தான்?

உண்மையை எழுதுங்கள். மார்ச் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. நான் வருவேன். உங்கள் பதில் சரியில்லை என்றால் கம்சாவை என்னோடு கூட்டிக்கொண்டு போவேன். ஆச்சிப்பிள்ளை மாமியும் என் பக்கம்தான். மறுகா என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

பிரஷாந்தி


பெரியகல்லாறு
27.12.2009

பிரஷாந்தி,

நேற்று ஐந்து வருடம். கடற்கரையில் விளக்கு வைத்தார்கள். நான் போகவில்லை, வானுக்குள் போய் இருந்தேன். சிவப்பு லைட் பற்றிக்கொண்டே இருந்தது. நான் பெல்ற்றைக் கொளுவவில்லை. டிங், டிங் என்பதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அரை மணித்தியாலம் இருக்கும். பிறகுதான் உனக்கு இதை எழுத வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

பெல்ற் இறுகவில்லை. நான் பொய் சொன்னேன்.

அன்று களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போக, கடற்கரை ரோட்டில் உங்கட வீட்டு வாசலில் வானை நிறுத்தி ஹோர்ன் அடித்தோம். நீ வரவில்லை. மலரின் மடியில் கம்சா, இரண்டு வயது. சனம் கத்திக்கொண்டு ஓடியது. என்ன என்று பார்ப்பதற்குள் கறுப்பாய்த் தண்ணீர் வந்து வானைத் தூக்கிவிட்டது. மிதந்துபோய், கட்டி முடியாத ஒரு வீட்டின் சுவரில் முட்டி நின்றோம். நான் மலரின் பெல்ற்றின் சிவப்புப் பொத்தானை அமத்தினேன். உடனே கழன்றது. ஒரு விரலுக்குக் கழன்றது பிரஷாந்தி.

நான் யன்னலால் வெளியே ஏறிச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பிடித்தேன். அவள் பிள்ளையை நீட்டினாள். "புள்ளயப் புடிங்க. சுறுக்கா!" வாங்கினேன். ஒரு கையில் கம்பி, மறு கையில் கம்சா. பிறகு அவள் கையை நீட்டினாள். "கையத் தாங்க" என்றாள். எனக்குக் கை இல்லை. இரண்டு கையையும் பார்த்தேன். எதை விடுவது? நான் பார்த்துக்கொண்டு இருந்தேன், அவளும் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. கையை உள்ளே எடுத்துக்கொண்டாள். அடுத்த அலை வானைப் புரட்டி ஆற்றுப் பக்கம் கொண்டுபோனது.

மூன்றாம் நாள் கண்ணாப் பற்றைக்குள் வானைக் கண்டபோது பெல்ற் அவளுக்குப் போட்டிருந்தது. நான் கழற்றிய பெல்ற். பார்த்த சனம் "ஐயோ, பெல்ற் இறுகிட்டு" என்று சொன்னது. நான் ஓம் என்றேன். அவ்வளவுதான், ஓம் என்ற ஒரு சொல். பெல்ற்றின் மேல் பழியைப் போடலாம். என் கையின் மேல் எப்படிப் போடுவது?

அந்தப் பொய்யை நம்பித்தான் ஸ்டாண்டில் எல்லோரும் பெல்ற்றை வெட்டினார்கள். வல்லிபுரம் அண்ணனும் என்னிடம் கத்தி வாங்கித்தான் வெட்டினார். அவர் நெஞ்சில் இடித்தது ஸ்டேரிங் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை, அதுதான் என்னை நித்திரை கொள்ள விடுகுதில்லை. நான் கழற்றியதை அவள் ஏன் திரும்பப் போட்டாள்? வண்டி அசைந்தால் பெல்ற் என்று நான் பழக்கிய பழக்கமா? சாகப்போகிற நேரத்திலும் எனக்குப் பயந்தா போட்டாள்?

உதயரூபன்


குவைத்
14.01.2010
பொங்கல்

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறைக்குள் வைத்து வாசித்தேன், வீட்டார் கேட்காமல் அழ அங்கேதான் முடியும். இரண்டு நாள் உங்களைத் திட்டித் தீர்த்தேன். பாவி, ஐந்து வருடம் ஒரு துணிப்பட்டியையும் உங்களையும் சேர்த்து வெறுக்க வைத்தீர்களே. பிறகு திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு கைதானே அத்தான் மனுஷனுக்கு. கம்சாவை விட்டிருந்தால் அக்கா உங்களை மன்னித்திருப்பாளா?

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று நீங்கள் ஹோர்ன் அடித்தபோது நான் வீட்டில் இல்லை. கூட்டாளியோடு முதல் பஸ்ஸில் சந்தைக்குப் போய்விட்டேன். அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். சோம்பல், சொல்லவில்லை. வெறும் வீட்டு வாசலில் எனக்காகத்தான் நீங்கள் நின்றீர்கள். இதை மறைக்கத்தான் நான் உங்கள் மேல் அவ்வளவு கோபமாக இருந்தேனோ தெரியாது.

அக்கா ஏன் பெல்ற்றைத் திரும்பப் போட்டாள் என்று கேட்டீர்கள். உங்களுக்குப் பயந்து இல்லை. அவள் யாருக்குப் பயந்தவள்? நினைத்துப் பாருங்கள். நம்மட ஊரில் எத்தனை பேரைக் கடல் கொண்டுபோய் இன்றுவரை கிடைக்கவில்லை? எத்தனை வீட்டில் இன்னும் ஆள் வருவார் என்று படலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்? அக்கா கிடைத்தாள். தான் தப்ப ஒண்ணாது என்று விளங்கியதும், தன்னைத் தேடி நீங்கள் அலையக் கூடாது என்று வானோடு கட்டிக்கொண்டாள். கம்சாவுக்குக் காட்ட ஒரு இடம் இருக்க வேண்டும் என்று போட்டாள். எனக்கு என் அக்காவைத் தெரியும்.

அவள் இப்போது அந்த சீற்றில் வந்து இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் எதற்கு இருப்பாள் என்று தெரியும். தன் பிள்ளை பெல்ற் இல்லாமல் அந்தப் பைக்கு முன்னால் இருக்கிறாளே என்று காவலுக்கு இருப்பாள்.

பின் சீற்றுக்கு பெல்ற் பூட்டுங்கள். ஸ்டாண்டில் போய் உண்மையைச் சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். சொல்லுங்கள்.

பிரஷாந்தி


பெரியகல்லாறு
03.03.2010

அன்புள்ள பிரஷாந்தி,

முதலில் இதைச் சொல்கிறேன், பதறாமல் வாசி. கம்சா சுகமாக இருக்கிறாள். இப்போது எனக்குப் பக்கத்தில் இருந்து பட்டம் ஒட்டுகிறாள்.

நீ சொன்னபடி ஸ்டாண்டில் சொன்னேன். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். வல்லிபுரம் அண்ணனின் மனுசியிடமும் போனேன். "நீ சொன்ன எண்டுதானே அந்த மனுஷன் வெட்டின" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டா. அவ சாத்தியது சரி. அடுத்த கிழமையே ஆறு வான்கள் காத்தான்குடியில் றிஸானின் கராஜ் வாசலில் நின்றன, பெல்ற் பூட்ட. என் வானில் என் சீற்றுக்கும் பின் சீற்றுக்கும் பூட்டினான். உடைத்த வான் ஒன்றின் பெல்ற், நல்ல பெல்ற். கம்சாவை நீ அனுப்பிய இருக்கையில் ஏற்றிப் பின்னுக்கு இருத்தினேன். இரண்டு கிழமை ஒவ்வொரு நாளும் அழுகை. "அம்மா தனிய முன்னுக்கு இருக்கா" என்று.

போன வெள்ளி பின்னேரம் புளியந்தீவிலிருந்து புறப்பட்டோம். மழை. கம்சா முன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். எனக்கும் களைப்பு. மறைக்காமல் எழுதுகிறேன், "சரி ஏறு, இண்டைக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவள் கதவைத் திறந்தாள். ஏறவில்லை. வெறும் சீற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை நின்றுவிட்டது. பிறகு கதவைத் தானே சாத்தினாள்.

"முன்னுக்கு ஏற ஒண்ணாதாம் அப்பா. பின்னுக்குப் போகட்டாம்."

"ஆரு சொன்ன?"

பின்னுக்கு ஏறி, இருக்கையில் இருந்து, பெல்ற்றை இழுத்துத் தானே கொளுவினாள். முன்னுக்குச் சிவப்பு லைட் டிங், டிங் என்றது. வழக்கம்போல வெறும் சீற்றுக்கு பெல்ற்றைக் கொளுவிவிட்டு வானை எடுத்தேன்.

களுவாஞ்சிக்குடி தாண்டியதும் நெல்லு மூட்டை ஏற்றிய ட்ராக்டர் ஒன்று ரோட்டில் நின்றது. பெட்டிக்குப் பின்னால் லைட் இல்லை. கண்டதும் வெட்டினேன். வானின் இடப்பக்கம் முழுவதும் பெட்டியில் மோதியது. நீ எழுதிய அதே சத்தம். மௌத்தாப் போன பை என்று றிஸான் சொன்னானே, அது டாஷ்போட்டைக் கிழித்துக்கொண்டு வந்து முன் இடப்பக்க சீற்றை அறைந்தது. வெள்ளைத் தூளுக்குள் கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "கம்சா! கம்சா!" என்று கத்தினேன். "இருக்கன் அப்பா" என்றாள்.

அவளுக்குத் தோளில் இரத்தம் கட்டிய ஒரு கண்டல், இடுப்பெலும்பில் ஒரு கண்டல். நீ எழுதிய அதே இரண்டு இடம். எனக்கு நெஞ்சில் பெல்ற் போட்ட கோடு. ஆஸ்பத்திரியில் பார்த்து அன்றே அனுப்பிவிட்டார்கள். முன்னுக்கு ஏற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்து, இரவில் எழும்பி எழும்பி அவளைப் பார்க்கிறேன்.

அடுத்த நாள் றிஸான் வந்து வானைப் பார்த்தான். முன் சீற் பெல்ற்றைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான்.

"மச்சான், இதுல ஆரு இரிந்த?"

"ஆரும் இல்ல."

"பொய் சொல்லாத. வெறும் சீற்றுக்குக் கொளுவின பெல்ற் சீற்றோட ஒட்டிக் கிடக்கும். இது ஒரு ஆள்ற பருமனுக்கு இழுபட்டு இறுகி நிக்கிது. பட்டி தேஞ்சிரிக்கி பாரு, பாரம் தாங்கின பட்டி இது. காயப்பட்ட ஆள எங்க கொண்டுபோன?"

நானும் பார்த்தேன். சீற்றுக்கும் பெல்ற்றுக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கிற இடம் அப்படியே இருந்தது. மலர் மெல்லிய ஆள், உனக்குத் தெரியும். அவ்வளவுதான் இடம். நான் சிவப்புப் பொத்தானில் விரலை வைத்தேன். அமத்தினேன். உடனே கழன்றது. அன்றைக்குப் போலவே ஒரு விரலுக்குக் கழன்றது. றிஸான் பக்கத்தில் நிற்கிறான் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன்.

அந்த வானை இனி ஓட மாட்டேன். ஏறாவூர் முதலாளி ஆதம்பாவா காக்காவின் வான் ஒன்றை எடுத்து ஓடுகிறேன். எல்லா சீற்றுக்கும் பெல்ற் இருக்கிறது. கண்டியிலிருந்து வாங்கிய வான், கடலைக் கண்டதே இல்லை. கம்சா இப்போது முன்னுக்கு வரக் கேட்பதில்லை. பின்னுக்கு யன்னல் பக்கம் தன் இருக்கையில் இருக்கிறாள். தன் பெல்ற்றைப் போடுவதற்கு முன், பக்கத்தில் நடு சீற்றின் பெல்ற்றையும் கொளுவிவிடுகிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மழை விட்டு மூன்று நாள். இன்று காலை வானைத் துடைக்கும்போது அந்த நடு சீற்றில் கையை வைத்தேன். ஈரம். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. பயம் வரவில்லை பிரஷாந்தி. துவாயை எடுத்து மடித்து அதில் போட்டுவிட்டு வந்தேன்.

நீ வருகிற அன்று கட்டுநாயக்கா எயர்போட்டுக்கு நாங்கள் வருவோம். ஏறியதும் பெல்ற்றைப் போடு, தூரப் பயணம். கம்சாவுக்கு மற்றப் பக்கத்து யன்னல் ஓரம் உனக்கு. நடுவில் ஆள் இருக்கிறது.

அன்புடன்,
அத்தான்